தாங்கும் வேகம்

விபத்தில் மனைவி இறந்தபின் நான் நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. பேச்சைக் கேட்டு நடக்கும் புதுக் காரின் மீட்டரும் அதற்கு மேல் காட்டியதில்லை.

அன்று தேனீ கொட்டி மகள் நறுமுகைக்குத் தொண்டை வீங்கிவிட்டது. மச்சினி வேணி அவளை மடியில் கிடத்திக்கொண்டு, "மிதிங்க மாமா!" என்று கத்தினாள். மீட்டர் நாற்பதைத் தொடும்வரை மிதித்தேன்.

ஊசி போட்ட டாக்டர், "நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார்.

"தொண்ணூறுல பறந்து வந்தோம் டாக்டர்" என்றாள் வேணி.

"நாற்பதுதானே?" என்றேன்.

"உங்களுக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு மட்டும் காட்டுன்னு வாங்குன அன்னைக்கே கார்கிட்ட சொல்லிவெச்சேன். திட்டறதுன்னா திட்டிக்கோங்க மாமா."

திட்ட வாயெடுத்தேன். உள்ளே நறுமுகை ஐஸ்கிரீம் கேட்டு வீறிட்டு அழுதாள். அப்படி அழ நிறைய மூச்சு வேண்டும்.