மூன்று நாட்டுச் சாட்சி

"பிள்ளை, மைக்கை இஞ்சை தா!"

இரத்தினவேல் கையை நீட்டினார். தக்ஷாயினி தரவில்லை. மைக்கை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

நோர்வேயில், ஒஸ்லோ நகரின் புருசெத் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் நிலவறை. அதுதான் 'வாடைக்காற்று' இணைய வானொலி. தொடங்கி நடத்துகிறவர் இரத்தினவேல். செய்திகளைச் சரிபார்க்கிறவள் தக்ஷாயினி. ஒஸ்லோவில் பிறந்து, பத்திரிகைத்துறை படித்துக்கொண்டிருப்பவள்.

இலங்கையில் அன்று பிரதேச சபைத் தேர்தல். மற்ற நாளில் முந்நூறு பேர் கேட்டாலே பெரிய காரியம். அன்று ஒன்பதாயிரம் பேர்!

எல்லோரும் காத்திருந்தது கீரிமுனை வட்டார முடிவுக்கு. அங்கே இரத்தினவேலின் தங்கை ராசமலர் முதல் தடவையாகப் போட்டியிடுகிறார். எதிர்த்து நிற்பவர் சிறீஸ்கந்தராசா. தக்ஷாயினியின் தாய்மாமன். வம்புக்கு வேறென்ன வேண்டும்!

"ராசமலர் பதினாலு வாக்கால வெண்டிட்டாள். ஊரிலை பாலேந்திரன் சொல்லீட்டான். ரொறன்ரோவில ரிசாந் சொல்லீட்டான். பாரிசில லூர்து சொல்லீட்டான். மூண்டு நாடு, மூண்டு பேர், ஒரே கணக்கு! இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"தேர்தல் அதிகாரி கையெழுத்து வச்ச தாள் வேணும், அங்கிள். வென்ட் லித்த..." அவசரத்தில் நோர்வேஜிய மொழி வந்துவிட்டது. "கொஞ்சம் பொறுங்கோ."

"அங்கை வெடிக்கட்டோட நிக்கிறாங்கள் பிள்ளை! எங்கட ரேடியோ சொன்னாத்தான் கொளுத்துவாங்களாம்!"

"அதுதான் எனக்குப் பயம். போன முறை ஒருத்தர் வெண்டிட்டார் எண்டு மாலை போட்டு ட்ராக்டரில ஏத்தி, தோத்தது தெரிஞ்சு பாதி வழியில இறக்கி விட்டவை. அந்த மனுசன் இண்டைக்கும் சந்தைப் பக்கம் வாறதில்லையாம். ராசமலர் அன்ரிக்கு அப்பிடி நடக்கவேணுமோ?"

இரத்தினவேலுக்குப் பொறுமை போய்விட்டது. வாயில் வரக்கூடாதது வந்தது.

"எனக்கு விளங்காதெண்டு நினைக்காதை. உன்ர மாமா தோத்திட்டார். அதை உன்ர வாயால சொல்ல உனக்கு மனமில்லை. அதுதானே?"

தக்ஷாயினியின் முகம் சிவந்தது. தொலைபேசியை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். முதலில் ஊருக்கு.

"பாலேந்திரன் அங்கிள், எண்ணுற இடத்துக்குப் போனனீங்களோ?"

"நானெங்கை போறது? முழங்கால் நோகுது. வீட்டிலதான் இருக்கிறன். ரொறன்ரோவில இருந்து ரிசாந்தான் சொன்னவன்."

வாக்கெண்ணும் பள்ளிக்கூடம் பாலேந்திரன் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். செய்தி அவருக்குக் கனடாவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது!

அடுத்தது ரொறன்ரோ.

"ரிசாந் அண்ணா, உங்களுக்கு ஆர் சொன்னது?"

"பாரிஸ் லூர்து அண்ணை. அவர் சும்மா கதைக்கிற ஆளில்லை தங்கச்சி."

இரத்தினவேல் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். மூன்று சாட்சி இப்போது ஒன்றாகிவிட்டது. ஆனாலும் ஒன்று இருக்கிறதே!

பாரிசில் லூர்து உடனே எடுத்தார்.

"எனக்கு ஒஸ்லோவில இருந்துதான் வந்தது பிள்ளை. நல்ல நம்பிக்கையான ஆள்."

"ஒஸ்லோவிலயோ?" இரத்தினவேல் எட்டித் தொலைபேசியைப் பறித்தார். "ஆரடா அந்தக் கோதாரி விழுவான்? ஆளின்ர பேரைச் சொல்லு லூர்து. இப்பவே எடுத்துக் கிழிக்கிறன்!"

லூர்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணை... நீங்கள்தானே! மத்தியானம் பன்ரண்டு மணிக்கு எடுத்து, 'தங்கச்சி பதினாலு வாக்கால வெண்ட மாதிரித்தான்' எண்டு சொன்னனீங்களெல்லோ?"

ஒஸ்லோவில் மத்தியானம் பன்னிரண்டு என்றால், ஊரில் வாக்குப்பதிவே முடிந்திருக்காது.

இரத்தினவேல் தொலைபேசியை மெல்ல மேசையில் வைத்தார்.

"ஊரிலை எங்கட சொந்தக்காரரை எண்ணிப் பாத்தனான், அவையின்ர ஆக்களை விடப் பதினாலு பேர் கூட," என்றார் சன்னமாக.

தக்ஷாயினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிக்கத் தொடங்கிய நேரம் பார்த்துத் தொலைபேசி சிணுங்கியது. வாக்கெண்ணும் இடத்திலிருந்து, கையெழுத்தும் முத்திரையுமாக அந்தத் தாளின் படம்! அவள் பரபரவென்று தேர்தல் அலுவலக இணையப் பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டாள். அங்கேயும் அதே எண்கள்.

மைக்கை அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்ப வாசியுங்கோ, அங்கிள்."

"கீரிமுனை வட்டாரம். ராசமலர், முந்நூற்று எண்பத்தெட்டு. சிறீஸ்கந்தராசா, நானூற்று இருபத்தொன்பது. நாற்பத்தொரு வாக்குகளால் சிறீஸ்கந்தராசா வெற்றி பெற்றிருக்கிறார்."

தங்கையின் பெயரில் குரல் ஒருமுறை இடறியது. மற்றபடி நன்றாகத்தான் வாசித்தார். கீரிமுனையில் ராசமலர் வீட்டு வாசலில் ஒரு வெடியும் வெடிக்கவில்லை. யாரும் மாலையைக் கழற்ற வேண்டியும் வரவில்லை.

மைக்கை அணைத்துவிட்டு, எண்களை இன்னொரு தரம் பார்க்க அவளுடைய தொலைபேசியை எடுத்தார். பார்வை, வந்த தகவல்களின் பட்டியலில் அந்தத் தாளுக்குக் கீழே இருந்த இன்னொரு தகவலில் விழுந்தது. அவளுடைய மாமன் அனுப்பியது.

'மருமகள், நாப்பத்தொரு வாக்கால வெண்டிட்டன். உடனே ரேடியோவில சொல்லு.'

அனுப்பிய நேரம் நான்கு மணி. இப்போது ஆறு.

"ரெண்டு மணித்தியாலமா உன்னட்டை இருந்திருக்கு! அதுவும் சரியான கணக்கு! நான் அவ்வளவு பேச்சுப் பேசியும் ஏன் பிள்ளை வாய் திறக்கேல்லை?"

தக்ஷாயினி மைக்கைத் துடைத்து உறையில் போட்டாள்.

"அவர் என்ர சொந்த மாமா எல்லோ, அங்கிள்."