டென்மார்க்கில் காலித் தட்டு

முத்தம்மா போனை மேசை மேல் வைத்து லாரன்ஸ் பக்கம் தள்ளினாள். திரையில் ஒரு வெள்ளைத் தட்டு. அதில் ஒரு பருக்கை கூட இல்லை.

"நேத்து என் புள்ள அனுப்பிச்சது சார். சுத்தி நாலு பேரு துன்னுக்கினு கீறாங்க. இவன் தட்டு மட்டும் இப்பிடி."

தேனாம்பேட்டையில் ஒரு மாடி அறையில் அலுவலகம் வைத்து, பிள்ளைகளை வெளிநாட்டுப் பண்ணைகளுக்கு அனுப்புகிறவன் லாரன்ஸ். முத்தம்மாவின் ஒரே மகன் சக்திவேலை டென்மார்க்குக்கு அனுப்பி வைத்ததும் அவன்தான். அங்கே ஒரு மாட்டுப் பண்ணையில் ஒரு வருஷப் பயிற்சி. பண்ணைக்காரர் வீட்டிலேயே தங்கி, அவர்களில் ஒருவனாகச் சாப்பிட்டு, மாடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போய்ப் பத்தொன்பது நாள்தான் ஆகிறது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருக்கிறேன் என்கிறான் பையன். காலையில் தொழுவத்தில் பண்ணைக்காரர் அவன் கையில் திணிக்கிற ரொட்டியோடு அன்றைய சாப்பாடு முடிந்தது. மதியமும் ராத்திரியும் மேசையில் உட்கார வைக்கிறார்களாம், தட்டு வைக்கிறார்களாம், ஒருத்தரும் போடுவதில்லையாம்.

நாமே எடுத்துத் தின்னலாமென்றால் அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்கக் கை வரவில்லை. வாங்கித் தின்னலாமென்றால் கடை இருபது கிலோமீட்டர், வழியெல்லாம் பனி. மாட்டுக்குக்கூட நேரத்துக்குத் தீனி வருகிறது, என்னைத்தான் கவனிக்க ஆளில்லை என்று தொழுவத்தில் நின்றுகொண்டு போனில் கிசுகிசுத்திருக்கிறான்.

இதைக் கேட்டுவிட்டு எந்தத் தாய் சும்மா இருப்பாள்? அதிலும் முத்தம்மா சிந்தாதிரிப்பேட்டையில் இட்லிக் கடை போட்டிருக்கிறவள். தினமும் நூறு பேர் வயிறு நிறைவது அவள் கையால். பெற்ற பிள்ளை மட்டும் பட்டினி.

அந்தக் குடும்பம் நல்ல குடும்பம்தான் என்று லாரன்ஸ் இழுத்தான். பக்கத்தில் ஒரு பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்க, நல்ல குடும்பத்துக்குத் தொண்டையில் சோறு எப்படி இறங்குகிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி.

முதலில் டீ குடியுங்கள் அக்கா என்றான். வேண்டாம் என்றாள். அட, சூடாகக் கொஞ்சம் குடியுங்கள் என்றான். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவள். அவன் விடாமல் டம்ளரை நகர்த்தி வைத்ததும் எடுத்து ஒரே மடக்கில் காலி செய்தாள்.

பிறகு லாரன்ஸ் ஒரு தாளை எடுத்து வைத்தான். பையனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்கிற கடிதம். கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரம் வந்துவிடுவான். ஆனால் பாதியில் வந்தவனை அந்தப் பயிற்சியில் மறுபடி சேர்க்க மாட்டார்கள். பால்வளம் படித்துவிட்டு, இந்த ஒரு வாய்ப்புக்காக இரண்டு வருஷம் காத்துக் கிடந்தவன் சக்திவேல்.

முத்தம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். போட்டால் அவன் ஆசைப்பட்ட வாழ்க்கை போய்விடும். போடாவிட்டால் பிள்ளையே போய்விடுவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

"போட்றேன் சார். அதுக்கு முன்ன அந்தப் பண்ணைக்காரம்மாவ நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டே ஆவணும். போன் போடு."

லாரன்ஸ் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். பண்ணைக்காரம்மா சிரித்தபடி கையசைத்தாள். அவளுக்குப் பின்னால் மேசை கொள்ளாத சாப்பாடு. உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி, பெரிய கிண்ணம் நிறையத் தயிர். மேசை ஓரத்தில் சக்திவேல், கன்னம் ஒட்டிப்போய், வெறும் தட்டோடு.

நாலு கேள்வி என்று சொன்ன முத்தம்மா நாற்பது கேட்டாள். லாரன்ஸ் பாதியை விழுங்கிவிட்டு மீதியை இங்கிலீஷில் சொன்னான்.

அந்தம்மாவின் சிரிப்பு நின்றது. முகம் சிவந்துவிட்டது. படபடவென்று என்னவோ சொன்னாள், சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லாரன்ஸ் தலையைச் சொறிந்தான்.

"இன்னா சார் சொல்றா?"

அவன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். ரெண்டு வேளையும் சாப்பிடுகிறாயா என்று கேட்கத்தான் கேட்கிறார்களாம். பையன்தான் வேண்டாம் என்கிறானாம். வயிற்றில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று, அந்தம்மா வர்ற வெள்ளிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம்கூட வாங்கி வைத்திருக்கிறாளாம்.

முத்தம்மா போனைத் தன் முகத்துக்கு நேராக இழுத்தாள்.

"டேய், சாப்புட்றியான்னு கேட்டாங்களா இல்லியா?"

"கேட்டாங்கம்மா."

"நீ இன்னா சொன்ன?"

"வோணாம்னு சொன்னேன்."

"பசில செத்துக்கினு வோணாம்னியா? ஏண்டா?"

சக்திவேல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"ஒரே ஒரு தபாதாம்மா கேக்குறாங்க."