கிட்னிக்கு மேற்பார்வை

“வாயைத் திற, மாப்ளே. ஊறுகாய் வாசனை வருதே!”

சொன்னதோடு நில்லாமல் மைத்துனன் ஜவஹரின் முகத்தருகே குனிந்து மோந்தே பார்த்துவிட்டார் வைரவன். நாட்டில் எமர்ஜென்ஸி போய்விட்டது. ராஜா அண்ணாமலைபுரத்து இந்த மாடி வீட்டில் மட்டும் போகவில்லை. ஜவஹருக்குக் கிட்னி மாற்றி எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் வைரவன் வந்து சோதனை போடுகிறார்.

“ஊறுகாய் இல்ல அத்தான், எலுமிச்சம்பழம். டாக்டர் சொன்னபடி உப்புக் குறைச்சுத்தான் சாப்பிடறேன்.”

“எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கிறே? பாத்ரூம் எத்தனை தடவை போறே? ஒளிக்காம சொல்லணும். எங்க வீட்டுக் கிட்னி, மாப்ளே! கொடுத்தவங்களுக்கு அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க உரிமை இருக்கா இல்லையா?”

வைரவனுக்குத் தி.நகரில் பாத்திரக் கடை. விற்ற குடம் ஒழுகுகிறது என்று யாராவது திரும்பி வந்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஆனால் கிட்னி விஷயத்தில் மனிதருக்கு அப்படியொரு பொறுப்பு.

“வர்ற வெள்ளிக்கிழமை வியாபாரிகள் சங்கத்துல எனக்குப் பொன்னாடை போர்த்தறாங்க. நீயும் மேடைக்கு வரணும். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினா நல்லா இருக்கும்.”

ஜவஹர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

அப்போதுதான் வைரவனின் மனைவி முத்துலட்சுமி படியேறி வந்து சேர்ந்தாள். இடுப்பில் பெரிய பித்தளை அண்டா. தம்பிக்குத் தண்ணீர் காய்ச்ச வைரவன் தன் கடையிலிருந்து கொண்டு வந்தது. அதாவது, கொண்டு வரச் சொன்னது. படித் திருப்பத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கியதில் அவள் ஐந்து நிமிடம் பின்தங்கிவிட்டாள்.

“ஆடி அசைஞ்சு வர்றா பாரு!” என்றார் வைரவன். “சீக்கிரம் கிளம்பு. மத்தியானம் சரக்கு வருது, இறக்கி அடுக்கணும்.”

ஜவஹர் எழுந்து அண்டாவை வாங்கிக் கீழே வைத்தான். அக்காவைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தான்.

“இந்தக் கிட்னி நல்லாத்தான் இருக்கு, அத்தான்” என்றான். “அக்காகிட்ட மிச்சமிருக்கிற இன்னொண்ணு எப்படி இருக்கு?”