டுபாயில் ஏது மலேரியா

ஸ்லைடில் எண்ணெய்த் துளியை விட்டு லென்ஸை இறக்கினேன்.

தேடவே தேவையிருக்கவில்லை. சிவப்பணுக்களுக்குள் குட்டிக் குட்டி மோதிரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கல்.

மலேரியா. இலங்கையில் ஒழிந்துபோன நோய். பத்து வருட வேலையில், பயிற்சி ஸ்லைடுக்கு வெளியே நான் கண்ட முதலாவது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது நாள் காய்ச்சலாம். டெங்கு என்று நினைத்து வீட்டில் பப்பாசி இலைச் சாறு பருக்கியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் மையித்தைத்தான் தூக்கியிருப்பார்கள்.

படிவத்தைப் பார்த்தேன். அஸ்ஹான், இருபத்தாறு, மூதூர். அண்மையில் சென்ற நாடு என்ற இடத்தில் 'டுபாய்' என்று எழுதியிருந்தான்.

டொக்டருக்குச் சொல்லிவிட்டுப் படிவத்தோடு வெளியே வந்தேன். துறைமுகத்து வெயில் வாசல்வரை அடித்துக்கொண்டிருந்தது. அவன் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"டுபாயில ஏது மலேரியா? என்னிட்டப் பொய் சொல்ல வேணாம். எங்க போனீங்க?"

தலையைக் குனிந்துகொண்டான். ஏஜென்சிக்காரன் டுபாயில் இறக்கி, ஒரு கிழமையில் ஆபிரிக்காவுக்கு ஏற்றிவிட்டானாம். காட்டுக்குள் தங்கம் தோண்டும் வேலை. வீட்டுக்குத் தெரியாதாம்.

எனக்குக் கோபம் இன்னும் கூடியது. உயரமான கட்டடத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் அனுப்பிவிட்டால் போதும். வீட்டிலிருப்பவர்களும் பிள்ளை டுபாயில் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார்கள். ஏஜென்சிக்காரனை விடவும் அந்த மடையர்கள்மேல்தான் எனக்கு எரிந்தது. நன்றாகத் திட்டினேன். மருந்தெடுக்க வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் ஜக்கெட்டை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

அங்கே கூட இருந்தவர்களின் பெயர்களைப் படிவத்தில் எழுத வேண்டும். அவர்களுக்கும் தொற்றியிருக்கலாம். கேட்டேன்.

இரண்டு பெயர்களைச் சொன்னான். எழுதினேன். மூன்றாவதைச் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு என்னை விடக் கடுமை. எழும்பவே ஏலாம கூடாரத்தில கிடக்கான். உங்களிட்டப் போய்ச் சொல்லச் சொல்லி அகீல்தான் என்னை அனுப்பினவன், ராத்தா."

படிவத்தைப் பக்கத்துக் கதிரையில் ஓங்கி அடித்தேன்.

"என்ட தம்பி டுபாயிலதான் இருக்கான்!" என்று கத்தினேன்.