பின்சீட்டின் எடை

“அத்தை, உங்க எடை எவ்வளவு?”

கேட்டுவிட்டு மருமகள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை நாளில் மாமியாரிடம் இவ்வளவு ஆபத்தான கேள்வியை அவள் கேட்டதில்லை.

பின்சீட்டில் நடுவாக அமர்ந்திருந்த மாமியார் அலட்டிக்கொள்ளவில்லை.

“எழுபத்திரண்டு.”

டாஷ்போர்டில் திருகி வைத்த மீட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்த மகனுக்கு இருமல் வந்தது.

கேட்காமலும் இருக்க முடியாது. வண்டி எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பது மட்டும்தான் அந்த மீட்டருக்குத் தெரியும். எவ்வளவு எடையைச் சுமந்துகொண்டு பாய்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். வண்டி, பெட்ரோல், ஆட்கள் எல்லாவற்றையும் கூட்டிச் சரியாகச் சொன்னால்தான் அதுவும் இன்ஜினின் குதிரைத்திறனைச் சரியாகச் சொல்லும்.

மாமியாரை இறக்கிவிடவும் வழியில்லை. “இது என் வண்டி. நான் இல்லாம யாரும் விரட்டக் கூடாது” என்று காலையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

விடுமுறை நாள். தொழிற்பேட்டைச் சாலை நீளமாக, நேராக, காலியாகக் கிடந்தது. அதன் முனையில் ஸ்கூட்டரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார் பட்டறைக்குச் சொந்தக்காரரான மாமனார்.

அவர் போட்ட நிபந்தனைதான் இது. மருமகள் தனியாகப் பிரித்து, தனியாகவே பூட்டிய இந்த இன்ஜின் மீட்டரில் அறுபது குதிரைத்திறன் காட்ட வேண்டும். காட்டினால் பட்டறையின் இன்ஜின் வேலை முழுக்க அவள் பொறுப்பு. குறைந்தால் பழையபடி பில் போடும் மேஜை.

அவள் கிளட்சை விட்டாள். வண்டி பாய்ந்தது. பின்சீட்டிலிருந்து “ஆ!” என்று ஒரு சத்தம். பயத்தில் வந்த சத்தம் இல்லை அது.

ஏற்றமும் காற்றும் கணக்கைக் கெடுக்காமல் இருக்க, போன வழியிலேயே திரும்பியும் ஓட்டினாள். இரண்டுக்கும் சராசரி எடுத்தான் கணவன்.

ஐம்பத்தொன்பது.

டயரில் காற்றைச் சோதித்தாள். மீட்டர் சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். திருகுகளை இறுக்கினாள். மறுபடி ஓட்டினாள்.

ஐம்பத்தொன்பதேதான்.

“ஒரு குதிரை எங்கயோ மேயப் போயிடுச்சு” என்றான் கணவன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் பின்னால் திரும்பினான். “அம்மா, அப்பா தூரத்துல நிக்கிறாரு. அவர் காதுல விழாது. உண்மையைச் சொல்லும்மா.”

“எழுபத்திரண்டுன்னா எழுபத்திரண்டுதான்டா.”

“அது எந்த வருஷத்து எடைம்மா?”

“லாரி எடைமேடைக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாமா அத்தை?” என்று தயங்கினாள் மருமகள். “வண்டியோட சேர்த்து மொத்தமாப் பார்த்துடலாம்.”

“என்னை லாரியோட லாரியா நிறுத்தப் போறியா?” வழக்கத்தைவிட வேகமாக வந்தது பதில்.

மருமகள் தன் விரல்களைப் பார்த்தாள். எத்தனை முறை தேய்த்தும் நகக்கண்ணில் ஆயில் கறுப்பு போகவில்லை. நாளை முதல் அது தானாகவே போய்விடும். பில் போடுகிற கைக்குக் கறுப்பு ஏது?

நிமிர்ந்தபோது கண்ணாடியில் மாமியாரின் கண்கள் அவள் முகத்தின் மேலேயே இருந்தன.

“எங்க அமுக்கணும்?” என்றார் திடீரென்று.

“என்ன அத்தை?”

“மொத்த எடையைக் கூட்டுறதுக்கு எந்தப் பொத்தானை அமுக்கணும்னு காட்டு. காட்டிட்டு ரெண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்புங்க.”

திரும்பினார்கள். இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே எக்கி, இடது கையால் திரையை மூடிக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தினார் மாமியார். அழுத்திக்கொண்டே இருந்தார். கணவனின் தோள்கள் குலுங்கின. மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சிரிச்சது போதும், ஓட்டு. போக ஒண்ணு, வர ஒண்ணு.”

போனபோது அறுபது. வந்தபோது அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

கணவன் கூவியது சாலை முனைக்கே கேட்டிருக்கும். மருமகள் சீட் பெல்ட்டை அவிழ்க்கவும் மறந்து பின்னால் எக்கி மாமியாரின் கையைப் பிடித்தாள். எனக்காக இதைக்கூட ஒத்துக்கொண்டீர்களே என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு கையை மட்டும் அழுத்தினாள்.

மாமனார் வந்து ஜன்னல் வழியே குனிந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“நாளையிலேருந்து இன்ஜின் எல்லாம் உன் பொறுப்பும்மா” என்றார். “ஆமா, மூணு தடவை ஓட்டினீங்களே, முதல்ல ஏன் குறைஞ்சுது?”

கணவன் வானத்தைப் பார்த்தான். மருமகள் கியரைப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் நடிக்க வேண்டாம்” என்றபடி மாமியார் கீழே இறங்கினார். “நான் எழுபத்திரண்டுதான். மிச்சம் இருபத்திரண்டு கிலோ வேற. செஞ்ச கடையிலயே எடை பார்த்தேன்.”

பின்னால் போய் டிக்கியைத் திறந்தார்.

நேற்று மாலை ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மருமகள் தன் கையால் பூட்டிய டிக்கி. இப்போது உள்ளே பழைய போர்வை சுற்றிய இரும்புப் பலகை ஒன்று கிடந்தது.

“ஜெயிச்ச உடனே காட்டணும்னு ராத்திரி ஏத்தி வெச்சேன். இதையும் சேர்த்து இழுக்கணும்னு எனக்குத் தோணலை.”

மருமகள் போர்வையை விலக்கினாள்.

பட்டறையின் பெயர்ப்பலகை. மாமனாரின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அவள் பெயர்.

தொட்டுப் பார்த்தாள். பெயின்ட் காய்ந்து பல நாள் ஆகியிருந்தது.