பொருப்பு

"மேடம், உங்க சார் எல்லா லெட்டரையும் எதுக்கு ரெண்டு ரெண்டா வச்சிருக்காரு?"

கம்ப்யூட்டர்க்காரர் இப்படிக் கேட்டதுதான் தாமதம், அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தார். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றும்போது கூட இருந்து சரிபார்க்கும் வேலை அவளுக்கு. சாயங்காலம் பழையதைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துப் போய்விடுவார்கள்.

வீட்டுச் சாமான்களை ஊர்விட்டு ஊர் கொண்டு சேர்க்கும் கம்பெனி அது. வாடிக்கையாளர்களுக்கு எட்டு வருடமாகக் கடிதம் எழுதுகிறாள். டைப் செய்து மேலாளருக்கு அனுப்பினால், அவர் தன் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே அனுப்புவார்.

"எங்கே, காட்டுங்க."

"இதோ, 'பொருப்பு'ன்னு ஒரு ஃபோல்டர். உள்ளே 'வந்தது', 'போனது'ன்னு ரெண்டு. ரெண்டுலயும் அதே நானூத்திப் பன்னிரண்டு லெட்டர். எல்லாத்துலயும் கீழே உங்க பேருதான்."

"மத்தவங்க எழுதினது?"

"ஒண்ணுகூட இல்ல."

மேலாளருக்கு ஆபீசில் பூதக்கண்ணாடி என்று பெயர். மேஜை மேல் தூசு, இரண்டு நிமிடத் தாமதம், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அவள் கடிதத்தில் மட்டும் இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை. சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை, கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். "என் எழுத்துல தப்பே வராது சார், அது ஒண்ணுதான் எனக்குப் பெருமை" என்று அவள் முந்திக்கொண்டாள். "சரிம்மா" என்று போனவர்தான்.

அப்படிப்பட்டவளுக்குப் பிரிவுத் தலைவர் பதவி இரண்டு வருடமாக இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே இருந்தது. எல்லாம் இவர் வேலைதான் என்று பொருமி, போன வாரம் அவர் மேலேயே தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். விதிப்படி அதையும் மேலாளர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். எழுதி அவருக்கே அனுப்பினாள். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

'வந்தது' ஃபோல்டரில் கடைசிக் கடிதத்தைத் திறந்தாள். அந்தப் புகாரேதான். 'மேலாளர் தன் பொருப்பை உணர்ந்து நடப்பதே இல்லை' என்ற அவளுடைய முதல் வரி பளிச்சென்று தெரிந்தது.

"பார்த்தீங்களா! அமுக்கிட்டாரு!"

"எதை மேடம்?"

"என் பிழைப்பை! எனக்கு எதிரா ஒண்ணொண்ணா சேர்த்து வச்சிருக்காரு. இந்த ஃபோல்டரை மாத்தாதீங்க. பழசோட சேர்ந்து தொலையட்டும்."

"ஐயையோ, ஒண்ணுவிடாம மாத்தணும்னு எழுதியே கொடுத்திருக்காரு. வேணும்னா ஒரே மாதிரி இருக்கறதை மட்டும் கழிச்சுடலாம். கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சுச் சொல்லிடும்."

எதையோ தட்டிவிட்டுக் காத்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுகூட ஒரே மாதிரி இல்லையாமே!"

"அதெப்படி?"

முதல் கடிதத்தின் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவள் வரிக்கு வரி படித்தாள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே தேதி, அதே கட்டில், அதே பீரோ, கடைசியில் அவள் வழக்கமாக முடிக்கும் அதே வரி: வழியில் எது உடைந்தாலும் நாங்களே...

"இருங்க, எங்கே வேறன்னு அதையே காட்டச் சொல்றேன்."

அந்தக் கடைசிச் சொல்லில் ஒரே ஓர் எழுத்து மஞ்சளாக மின்னியது. வந்ததில் 'பொருப்பு'. போனதில் 'பொறுப்பு'.

"அட, சின்ன 'ரு'வுக்குப் பெரிய 'று' போட்டிருக்காரு. இதுல எது மேடம் சரி?"

மேலாளரின் மேஜை மேல் அகராதி இருந்தது. ஒரு பக்கத்தில் துண்டுச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

பொருப்பு: மலை.

"வழியில் எது உடைந்தாலும் நாங்களே மலை" என்று கம்ப்யூட்டர்க்காரர் படித்துப் பார்த்து, சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார்.

அவளுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டியதுதான். வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எட்டு வருடம், இத்தனை கடிதம். ஒவ்வொரு தடவையும் ஓசைப்படாமல் ஓர் எழுத்தை மாற்றி அனுப்பிவிட்டு, 'தப்பே வராது' என்ற அவள் பெருமையை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்.

"ஃபோல்டரை மாத்தட்டுமா, விட்டுடட்டுமா மேடம்?"

"மாத்துங்க" என்றவள், "ஒரு நிமிஷம்" என்று தடுத்தாள். 'போனது' ஃபோல்டரில் கடைசிக் கடிதத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை.

திறந்தாள். அவளுடைய புகார். அவள் கொடுத்த அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தது. ஒரு வரி குறையவில்லை, ஒரு சொல் கூடவில்லை.

'மேலாளர் தன் பொறுப்பை உணர்ந்து நடப்பதே இல்லை.'

அந்த 'ரு'வை மட்டும் 'று' ஆக்கியிருந்தார்.