எட்டு டன் எடை

எல்வுட் ரோடு ரோலரைக் கிளப்பியதும் எங்கள் ஓஜிப்வா பழங்குடி ஊரில் இருந்த நாய்கள் மொத்தமும் குரைக்கத் தொடங்கின.

ஞாயிற்றுக்கிழமை. சாலை வேலைக்கு விடுமுறை. போன வாரம் போட்ட தார் மேல் உர்சுலா படம் செதுக்கிய லினோலியம் விரிப்பு கிடந்தது. பன்னிரண்டு அடி நீளம். கறுப்பு மை பூசி, அதன்மேல் வெள்ளைத் துணியை விரித்து, துணிமேல் கம்பளிகளைப் போட்டிருந்தோம்.

இவ்வளவு பெரிய படத்தை அழுத்தி எடுக்கிற அச்சு இயந்திரம் ஏரியின் இந்தப் பக்கத்தில் யாரிடமும் இல்லை. எல்வுட்டிடம் எட்டு டன் இருந்தது.

அவன் உர்சுலாவின் அக்காள் புருஷன்.

"கொழுந்தியா, உடைஞ்சா என்னைத் திட்டக் கூடாது. உங்க அக்கா திட்டுறதே எனக்குப் போதும்."

"திட்ட மாட்டேன் அத்தான். அடுத்த படத்துல உங்க தொப்பையைச் செதுக்கிருவேன்."

எல்லோரும் சிரித்தோம். சொன்னவள் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது வருடமாகப் படம் வரைகிறவள், நகரத்துக் காட்சிக்கூடங்களில் கைகுலுக்கி அலுத்தவள், மை படிந்த நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த லினோலியம் பழையது. கொஞ்சம் வளைத்தால் போதும், பிளந்துவிடும். இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கிச் சூடாக்கி, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செதுக்கியிருந்தாள். விரிசல் விட்டால் அவ்வளவுதான், இன்னொன்று கிடைக்காது. வெயில் ஏற ஏற மை வேறு காய்ந்துகொண்டிருந்தது.

ரோலர் ஏறியது.

என் காலடியில் தார் அதிர்ந்தது. நடுவில் வரும்போது நொறுக்கென்று ஒரு சத்தம். உர்சுலா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓரத்தில் கிடந்த பைன் காய்.

ரோலர் மறுமுனையில் இறங்கி நின்றது. கம்பளிகளை வாரி எறிந்தோம். துணியின் நான்கு மூலைகளை நாலு பேர் பிடித்தோம். ஒரு மூலை என் கையில்.

"மெதுவா," என்றாள் உர்சுலா. "மெதுவா, மெதுவா."

பிறகு பொறுக்க முடியாமல் அவளே இழுத்தாள்.

துணியில், படகைவிடப் பெரிய ஸ்டர்ஜன் மீன். உடம்புக்குள் முள்ளும் முட்டையும்கூடத் தெரிந்தன. அதன் முதுகில் பதினொரு சிறுமிகள் ஏறிப் போகிறார்கள். எல்லோருக்கும் இடுப்பு வரை கூந்தல், காற்றில் பின்னால் பறக்கிறது.

ஒரு கோடுகூட விட்டுப்போகவில்லை.

ஓரத்தில் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தவள் எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு மாவுக் கையோடு ஓடிவந்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அக்காள் ரோசெல்லா மட்டும் துணியைப் பார்க்கவில்லை. குனிந்து லினோலியத்தின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"இவ்வளவு பெருசு எந்தக் கடையிலடி கிடைச்சுது?"

"கடையில இல்லக்கா." பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. "நம்ம ஸ்கூலை இடிச்சாங்கல்ல, அன்னைக்குப் போய் எடுத்தேன். மாடி நடைக்கூடத்துத் தரை."

எட்டு வயதில் ரோசெல்லாவையும் ஆறு வயதில் உர்சுலாவையும் அரசாங்க ஆட்கள் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டுபோய் அடைத்த விடுதிப் பள்ளி. முதல் நாளே முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். மறுநாளிலிருந்து, மணி அடிக்கும் முன் எழுந்து, முழங்காலிட்டு அந்தத் தரையைத் தேய்த்தார்கள். ரோசெல்லா ஒன்பது வருடம் தேய்த்தாள்.

அவள் நிமிர்ந்தாள். எல்வுட் ரோலரிலிருந்து ஒரு காலை இறக்கியிருந்தான்.

"யோவ், எறங்காதே. இன்னொரு தடவை ஏத்து."

"இரு, வேற துணி விரிக்கட்டும்."

"துணி எதுக்கு? சும்மா ஏத்து."